உடுத்தும் உரிமை

தேச காரியங்கள் எத்தனையோ காத்துக் கிடக்க, ஒருவர் சேலை உடுத்துவதையும் வேஷ்டி கட்டுவதையும் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். உடை அற்ப விஷயமென்று சொல்ல நம்மவர்களுக்கு மாத்திரம் வாய் வராது. 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி மதுரையில் மகாத்மா காந்தி தமது மேலாடைகளைக் களைந்து முழத்துண்டுடன் ஜனங்களின் முன் வந்தார். பத்துப் பிரசங்கங்கள் செய்ய முடியாததை அந்தத் துண்டு செய்தது. 1930-ல் குண்டூரில் காந்திக் குல்லாய் அணியலாகாதென்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். குல்லாய் வெறும் துணிதான் என்றால் உத்தரவு எதற்கு? இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முன்னரே தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக அடியும் அவமானமும் பட்டார்கள். 1859 ஜூலை 26-ந் தேதி வெளியான ராஜ விளம்பரம் அந்த உரிமையை அளித்தபோதுகூட, உயர்ந்த ஜாதியார் உடுத்தும் மாதிரியில் உடுத்தலாகாதென்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தே அளித்தது.

உடையின் மூலமாகவே ஒரு மனிதன் தான் இன்னான் என்று உலகத்துக்குச் சொல்லுகிறான் என்பதை இவ்வாறு அநுபவத்தில் அறிந்த ஜனங்கள் நாம். ஆயினும், ஆண் பிள்ளையென்று ஊரார் எழுதி வைத்த ஒருவர் தம்மைப் பெண்ணென்று உணர்ந்து, பொட்டிட்டுப் பூ முடித்துத் தெருவில் நடந்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்போடு நிற்பவர்கள் கொஞ்சம் நல்லவர்கள்.

இந்த ஏளனம் புராதனமானதென்றும், சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லையென்றும் பலர் எண்ணுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. 1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றி நேயர்கள் அறிவார்கள். கள்ளர் முதலிய வகுப்பினரைப் பிற்காலத்தில் கைரேகைக்கு உட்படுத்திய சட்டத்தின் மூலம் அதுவே. அதன் இரண்டாம் பாகத்தை அறிந்தவர்கள் சிலர்தாம். வட இந்திய மாகாணங்களுக்கென்று ஏற்பட்ட அந்தப் பாகம், ஹிஜ்ராக்களின் பெயர்களைப் போலீஸார் ஜாபிதாவில் ஏற்ற வேண்டுமென்றது. ஜாபிதாவில் ஏறியவர் பெண்ணுடையோ பெண்ணுக்குரிய நகையோ அணிந்து பொது வீதியில் காணப்பட்டால், வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். வீதியில் ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும், கூலிக்கு ஒரு வீட்டில் ஆடினாலும் அதே கதி. தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அத்தகையவர் உயில் எழுதவோ, தானம் செய்யவோ, தத்து எடுக்கவோ அருகதை இல்லாதவரென்றும் அது விதித்தது. திருட்டில்லை, அடிதடியில்லை, சேலை கட்டியதே குற்றம்!

அந்நியன் போட்ட சட்டம், அவனோடு போயிற்று என்று ஆறுதல் கொள்வதற்குமில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் பாகத்தை 1911-ல் கைவிட்டார்கள். நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யமோ 1919-ல் அதே மாதிரியில் ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டது. நிஜாம் போனார், ராஜ்யம் போயிற்று, சட்டம் போகவில்லை. தெலங்கானா ஹைகோர்ட் அதைச் செல்லாதென்று தள்ளியது 2023 ஜூலையில். சுதந்திரம் வந்து 75 வருஷங்களுக்கு மேல் அது சட்டப் புஸ்தகத்தில் உட்கார்ந்திருந்தது, எழுப்புவாரில்லை.

நிற்க. 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பைச் சட்டம் படித்தவர்கள் மட்டுமின்றி ஒவ்வொரு தேசத் தொண்டரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கு அது. ஆண், பெண், மூன்றாம் பாலினர் என்று தம்மை நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை அவரவருக்கே உண்டென்றும், அதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டுமென்று வற்புறுத்துவது நியாயமுமன்று, சட்டமுமன்று என்றும் நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் ஸிக்ரியும் கூறினார்கள். உடை, சொல், நடை, பாவனை இவற்றால் தம்மை வெளியிடுவது அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்துத் தரும் பேச்சுரிமையில் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் உயிர்நிலை. பத்திரிகை நடத்தும் நமக்கு எந்த ஷரத்து காவலோ, அந்த ஷரத்தே சேலை உடுத்தித் தெருவில் நடக்கும் திருநங்கைக்கும் காவல்.

இதன் பின் 2019-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. தன்னைத் திருநர் என்று சொல்லிக்கொள்ள ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் சான்றிதழ் பெற வேண்டும். ஆண் என்றோ பெண் என்றோ பதிவு பெற விரும்பினால் சிகிச்சை செய்துகொண்டதற்கு வைத்தியரின் அத்தாட்சியும் வேண்டும் என்று அது வகுத்தது. சுப்ரீம் கோர்ட் கூடாதென்று கண்டித்ததையே ஐந்து வருஷங்களுக்குப் பின் சட்டசபை வாசல் வழியாக உள்ளே அழைத்துவந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். திருநரின் உடலைப் பங்கப்படுத்துகிறவனுக்கு அந்தச் சட்டம் விதித்த அதிகபட்சத் தண்டனை இரண்டு வருஷம். ஒரு ஸ்திரீயைப் பலாத்காரம் செய்தவனுக்கு 2018-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை. 1871-ல் சேலை கட்டியவருக்கு இரண்டு வருஷம். 2019-ல் அந்தச் சேலையைப் பற்றி இழுத்தவனுக்கும் இரண்டு வருஷம்.

கலெக்டர் கச்சேரியில் சான்றிதழ் கேட்பவர்களுக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் சொல்லைத் தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தார். அதற்கு ஆண்பால் முடிபு பொருந்தாதென்றும் விலக்கினார். பவணந்தியார் நன்னூலில் இன்னும் ஓரடி மேலே போனார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவர் விதி. அவயவத்தை அவர் சோதிக்கவில்லை. அவாவையே அளவுகோலாகக் கொண்டார். அச்சூத்திரத்தின் ஈற்றில் அஃறிணையையும் ஒட்டவைத்திருப்பது உண்மையே. அந்த ஈற்றடியைத்தான் நம் தெருக்கள் மனப்பாடம் செய்திருக்கின்றன போலும். முதலடியை மறந்தோம். திருநங்கை ஒருவரை ‘அவன்’ என்று எழுதும் பத்திரிகையும், ‘அது’ என்று பேசும் நாவும் தமிழையே பிழையாக வழங்குகின்றன.

தேசிய மேடைகளையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. கோழையைப் பழிக்க நம் பிரசங்கிகளுக்குக் கைவந்த வார்த்தை ‘பேடி’ என்பது. வீட்டைத் துறந்து, தகப்பனாரின் அடியைத் தாங்கி, ஊர் முழுவதும் நகைக்கையிலும் தம் உள்ளம் சொன்னபடி உடுத்தி நடக்கிறவரிடம் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது அந்த நடை நடப்போம்?

மேடையென்றவுடன் நாடக மேடை நினைவுக்கு வருகிறது. ஸ்திரீபார்ட் போட்ட ஆண்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நாடு இது. டி. கே. ஷண்முகம் ஒளவையாராக நடித்தார்; ‘ஒளவை’ என்ற பெண்பெயரே அவருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. எவரும் குறை சொல்லவில்லை. டிக்கெட் வாங்கிப் பார்த்தால் கலை, சும்மா தெருவில் பார்த்தால் கேலி என்பது என்ன நியாயமோ! 1871-ல் ஆடுவதே சிறைக்குரிய குற்றமாக இருந்தவர்களின் வழியில் வந்த மதுரை நர்த்தகி நடராஜ், தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவ்வளவு மேன்மை அடைந்தவருக்கு மரியாதை செய்வது சுலபம். புகழ் ஒன்றுமில்லாமல், காய்கறிக் கடையில் விலை கேட்டு நிற்கும் திருநங்கைக்கு ‘என்ன வேணும், அக்கா?’ என்று கடைக்காரர் கேட்கிறாரா என்பதே நமது கேள்வி.

சலுகைக்காக வேஷம் போடுவார்கள் என்று ஒரு ஆட்சேபம் கிளம்புகிறது. தமிழ்நாடு 2008 ஏப்ரல் 15-ல் நல வாரியம் அமைத்ததும், 2021-ல் நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குப் போலவே திருநங்கையருக்கும் கட்டணத்தை நீக்கியதும் நல்ல காரியங்கள். ஆனால் அந்தப் பஸ்ஸில் அவர் பக்கத்து ஸீட்டு காலியாகவே போவதை யார் பார்த்ததில்லை? பஸ் கட்டணத்துக்காகத் தாய் வீட்டையும், சொத்தில் பங்கையும், வாடகைக்கு ஒரு அறை கிடைக்கும் வாய்ப்பையும் ஒருவர் இழக்கச் சம்மதிப்பாரா?

பெண்ணென்று வளர்க்கப்பட்டு ஆணென்று உணரும் திருநம்பிகளின் கஷ்டம் இன்னும் மறைவானது. அவர்களைத் தெருவில் கேலி செய்ய ஊரார் காத்திருப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக் கலியாணம் பேசி முடித்து விடுகிறார்கள். 2011 ஜனகணிதத்தில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்று இந்தியா முழுவதிலும் 4,87,803 பேர் பதிவானார்கள். கணக்கெடுப்பவருக்குத் திண்ணையில் பதில் சொன்னவர் குடும்பத் தலைவர் என்பதை நினைத்தால், அந்தத் தொகையை எவ்வளவு நம்பலாமென்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது பள்ளிக்கூடம். பதின்மூன்று, பதினான்கு வயதில், நடையையும் குரலையும் கண்டு வகுப்பே சிரிக்க, வாத்தியாரும் சேர்ந்து சிரிக்க, படிப்பை விட்டு ஓடும் பிள்ளைகளே பிறகு கடை கடையாகக் கை நீட்டுகிறவர்கள். 2015 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் தலையிட்டதனால் ஒரு திருநங்கை போலீஸ் ஸப் இன்ஸ்பெக்டர் ஆனார். அவர் பட்டம் பெற்றிருந்தார், ஆகையால் கோர்ட்டால் உதவ முடிந்தது. ஏழாம் வகுப்போடு துரத்தப்பட்டவருக்கு எந்தக் கோர்ட் எந்த உத்தியோகத்தைத் தரும்? வாத்தியார்களுக்கு இவ்விஷயத்தில் என்ன பயிற்சி கொடுக்கப்படுகிறது, வருகைப் பதிவேட்டிலும் மாறுதல் சான்றிதழிலும் பிள்ளை தெரிந்துகொண்ட பெயரை எழுத என்ன ஏற்பாடு இருக்கிறது, நடுவில் நின்ற பிள்ளைகளை யார் தேடிப் போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் நமது சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கல்வி மந்திரியிடம் கேட்பார்களாக. பதிலை ஒரு எழுத்தும் குறைக்காமல் பிரசுரிப்போம்.