பேஷன்ட் ஃபர்ஸ்ட்-னு சுவத்துல எழுதினா போதுமா?

மருந்து கம்பெனி வெப்சைட் எதைத் திறந்தாலும் மூணு வார்த்தை முன்னாடி வந்து நிக்கும். லீடர்ஷிப், டீம் வொர்க், பேஷன்ட் ஃபோகஸ். கூடவே சிரிச்சுக்கிட்டிருக்கிற ஒரு பாட்டி போட்டோ. நம்ம சாஃப்ட்வேர் உலகத்துலயும் 'கஸ்டமர் ஃபர்ஸ்ட்'னு இதே பஜனைதான். ஆனா நாம எழுதின கோட் ஊத்திக்கிட்டா பெரும்பாலும் ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். மாத்திரை ஊத்திக்கிட்டா அப்படி முடியாது. அதனால இந்த மூணு வார்த்தைக்கும் உண்மையிலேயே அர்த்தம் இருக்கான்னு பாக்கறது முக்கியம்.

என் கருத்து இதுதான்: 'நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி'ன்னு ஒண்ணும் கிடையாது. நல்ல முடிவு, கெட்ட முடிவுதான் இருக்கு. இதுக்கு ஒரே கம்பெனியோட ரெண்டு மருந்தையே எடுத்துக்கறேன். மெர்க். (அமெரிக்க மெர்க்குங்க. ஜெர்மன் மெர்க் வேற.)

முதல் மருந்து ஐவர்மெக்டின். ஜப்பான்ல கிடாசாட்டோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சதோஷி ஓமுரா மண்ணுல இருந்து பிரிச்செடுத்த ஒரு நுண்ணுயிரில் இருந்து கிடைச்ச சரக்கு. மெர்க்ல வில்லியம் கேம்ப்பெல் குழு அதை ஆராய்ஞ்சு, ஆடு, மாடு, குதிரைக்கான புழு மருந்தாக்கினாங்க. பின்னாடி சந்தைக்கு வந்தப்ப விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு. அங்கேயே நின்னிருக்கலாம். ஆனா குதிரையில இருக்கிற ஒரு புழு இந்த மருந்துக்கு மடங்குறதைப் பாத்துட்டு, 1978-ல கேம்ப்பெல் தன்னோட ஆராய்ச்சித் தலைவர் ராய் வேஜலஸ்கிட்ட சொன்னார்: ஆப்பிரிக்காவுல ஆத்தோரக் கிராமங்கள்ல மனுஷங்க கண்ணைப் பறிக்கிற புழுவும் இதே ஜாதிதான், முயற்சி பண்ணலாம். அந்த நோய் வர்றவங்ககிட்ட மாத்திரை வாங்கக் காசு கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வேஜலஸ் சரின்னார். 1981-ல முகம்மது அஜீஸ் செனகல்ல மனுஷங்ககிட்ட முதல் சோதனையை நடத்தினார். மருந்து வேலை செஞ்சது.

அடுத்த தலைவலி, யார் காசு கொடுப்பா? அமெரிக்க அரசு, உலக சுகாதார நிறுவனம்னு கதவு கதவா தட்டிப் பாத்தாங்க. யாரும் பொறுப்பெடுத்துக்கலை. 1987 அக்டோபர்ல, அதுக்குள்ள கம்பெனித் தலைவராகிட்ட வேஜலஸ் அறிவிச்சார்: எவ்வளவு வேணுமோ, எத்தனை வருஷம் வேணுமோ, இலவசம். மாட்டு மருந்துல வந்த காசு இதுக்குத் தெம்பு கொடுத்துச்சு, நல்ல பேரும் கிடைச்சது, மறுக்கலை. ஆனா தெம்பு இருக்கிற எல்லாரும் கொடுத்துடறது இல்லையே!

டீம் வொர்க்னா ஆபீஸ் கட்டடத்துக்குள்ள நடக்கறது மட்டும் இல்லைன்னும் இதுல தெரியுது. மருந்து குட்டிப் புழுக்களைத்தான் கொல்லும், தாய்ப்புழு பல வருஷம் உயிரோட இருக்கும். அதனால வருஷா வருஷம் மாத்திரை போகணும். கொண்டுபோனது யாரு? அந்தந்தக் கிராமத்துத் தொண்டர்கள். எடை பாக்க மெஷின் இல்லாத இடத்துல ஒரு குச்சியை வெச்சு உயரத்தை அளந்து, உயரத்துக்கு இத்தனை மாத்திரைன்னு கொடுத்தாங்க. இதைவிட நல்ல 'யூசர் இன்டர்ஃபேஸ்' நான் பாத்ததில்லை :-) 2013-ல கொலம்பியா, 2025-ல ஆப்பிரிக்காவில் முதல் நாடா நைஜர், இந்த நோய் பரவலை ஒழிச்சதா உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015-ல நோபல்.

இப்ப ரெண்டாவது மருந்து. வயாக்ஸ். மூட்டுவலி மாத்திரை, 1999-ல வந்தது. வயித்தைப் புண்ணாக்காதுங்கறதுதான் விளம்பரமே. 2000-ல வெளியான பெரிய சோதனையில வயிறு தப்பிச்சது. ஆனா நேப்ராக்சென் சாப்பிட்டவங்களைவிட இவங்களுக்கு மாரடைப்பு அதிகம். கம்பெனி சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? எங்க மருந்து கெடுக்கலை, நேப்ராக்சென்தான் இதயத்தைக் காப்பாத்துது! அந்தக் கட்டுரையில மூணு மாரடைப்பு விடுபட்டிருந்ததுன்னு 2005-ல அதை வெளியிட்ட மருத்துவ இதழே கண்டிச்சு எழுதிச்சு. 2003-ல மட்டும் சுமார் 250 கோடி டாலர் விற்பனை. வெறும் மாத்திரையோட ஒப்பிட்ட இன்னொரு சோதனையிலும் ஆபத்து நிரூபணமாகி, 2004 செப்டம்பர் 30-ல மருந்தை வாபஸ் வாங்கினாங்க. இந்தியாவுலயும் அதே வருஷம் டிசம்பர்ல தடை. 2007-ல வழக்குகளை முடிக்க 485 கோடி டாலர் ஒதுக்கினாங்க, தப்புன்னு ஒத்துக்காமலே.

அதே கம்பெனிதான். கெட்டிக்கார விஞ்ஞானிகளுக்கும் பஞ்சமில்லை. அப்ப என்ன மாறிச்சு? வேஜலஸ் 1994-லயே ஓய்வு பெற்றுட்டார், சரி. ஆனா 'ஹீரோ போயிட்டார், வில்லன் வந்துட்டார்'னு நம்ம சினிமா கணக்குல முடிக்க எனக்கு மனசு வரலை. கேம்ப்பெல் கொண்டுவந்த செய்தியில லாபம் இல்லை, ஆனா நோயாளி இருந்தார். கேட்டாங்க. 2000-ல வந்த செய்தியிலயும் நோயாளி இருந்தார், கூடவே நஷ்டமும் இருந்தது. அந்தச் செய்திக்குத் தங்களுக்குச் சாதகமான அர்த்தத்தைத் தேடினாங்க. ரெண்டு விளக்கம் சாத்தியம்னா, நோயாளிக்கு ஆபத்துன்னு சொல்ற விளக்கத்தை முதல்ல சோதிச்சுப் பாக்கணும். அதைத்தான் நான் பேஷன்ட் ஃபோகஸ்னு சொல்லுவேன்.

அதனால 'லீடர்ஷிப்'னு யாராவது ஸ்லைடு போட்டா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கடைசியா உங்ககிட்ட கெட்ட செய்தி கொண்டுவந்த ஜூனியர் யாரு? அவர் இப்ப எங்க இருக்கார்? பதில் சொல்லத் தெரியலைன்னா அந்தப் பாட்டி போட்டோவைக் கழட்டிடலாம்.

இது என் பார்வை. மாத்துக் கருத்து இருந்தா தாராளமா சொல்லுங்க, சண்டை போடலாம் :-)