குட்டிக்குப் போட்டி, கிழப்பூனைக்கு ஆளில்லை! காப்பகங்களில் முடங்கும் நோயாளிப் பூனைகள்

சென்னை,

பூனைக்குட்டி இலவசம் என்று சொன்னால் போதும், காப்பகத்து வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். வெள்ளை இருக்கா, சாம்பல் இருக்கா என்று கேட்டு, மடியில் வைத்து செல்போனில் படம் எடுத்து, கையோடு தூக்கிச் செல்கிறார்கள். அதே காப்பகத்தின் மூலைக் கூண்டில் 12 வயதுப் பூனை ஒன்று சுருண்டு கிடக்கும். பாதிப் பல் விழுந்திருக்கும். கிட்னி கோளாறு என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் படித்ததும் "அய்யோ பாவம்" என்று ஒரு வார்த்தை. அதோடு சரி, அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சென்னை மட்டும் என்றில்லை, பூனைகளை வாங்கி வைத்துப் பராமரிக்கும் எல்லா ஊர்க் காப்பகங்களிலும் இதுதான் கதை. குட்டி வரும், போகும். கிழப்பூனை வந்தால் போகாது.

எப்படி வந்து சேருகின்றன?

இந்தப் பூனைகளில் பல, தெருவில் பிறந்தவை அல்ல. ஒரு காலத்தில் சோபாவில் தூங்கியவை. தனியாக இருந்த பாட்டி இறந்துவிடுவார். வீட்டைக் காலி செய்ய வந்த மகனோ மகளோ வெளிநாட்டுக்குத் திரும்ப வேண்டும். பூனையை என்ன செய்வது? அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து விடுகிறார்கள். வாடகை வீடு மாறும்போது புது ஹவுஸ் ஓனர் "பூனை எல்லாம் வேணாம்ப்பா" என்று சொன்னதால் வருபவை உண்டு.

இன்னொரு கூட்டம் பெர்ஷியன் பூனைகள். புசுபுசுவென்று இருக்கிறதே என்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் குட்டியாக வாங்குகிறார்கள். தினமும் சீவிவிடாவிட்டால் முடி சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். முகம் சப்பையாக இருப்பதால் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, கிட்னியில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இந்த இனத்துக்கு உண்டு. அது தலைகாட்டுவது பெரும்பாலும் நடுத்தர வயதில்தான். அப்போது ஆசையும் தீர்ந்திருக்கும், ஆஸ்பத்திரிச் செலவும் தொடங்கியிருக்கும்.

பகலில் வந்து காரணம் சொல்லி ஒப்படைப்பவர்கள் பரவாயில்லை. ராத்திரியில் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுபவர்களால்தான் தொல்லை. பூனைக்கு என்ன வயசு, என்ன மருந்து கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டதா, எதுவும் தெரியாது. நோயாளியை சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டுப் போவது மாதிரிதான் இதுவும்.

அபராதம் 50 ரூபாய்

இதைத் தடுக்க சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, பட்டினியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலைமையில் ஒரு விலங்கைக் கைவிட்டுப் போவது குற்றம். தண்டனை? முதல் தடவை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். 3 ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

மெரினாவில் இரண்டு பேர் சுண்டல், பஜ்ஜி சாப்பிட்டாலே 50 ரூபாய் பறந்துவிடும். சட்டம் வந்த காலத்தில் 50 ரூபாய் பெரிய தொகை. தொகையை உயர்த்த 2022-ல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்தும் கேட்டது. 10 வருஷம் வளர்த்த பூனையைக் கைகழுவுவது சட்டப்படி அவ்வளவு மலிவாக இருக்கும்போது, அதை எடுத்து வளர்க்க வருபவர்தான் மாதாமாதம் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு தலைகீழாக இருப்பதுதான் பிரச்சினையின் வேர்.

அரசுத் திட்டங்களிலும் பூனைக்கு இடம் குறைவு. 2023-ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் பெரும்பாலும் தெருநாய்களைப் பற்றித்தான் பேசுகின்றன. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலைய வளாகங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. காப்பகம் என்றாலே நாய்க்கு இடம் இருக்கிறதா என்பதுதான் பேச்சு. மூலைக் கூண்டுப் பூனை யார் கண்ணில் படும்?

கூண்டே எமன்

குட்டி ஒரு மாதம் கூண்டில் இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். கிழப்பூனையால் முடியாது. 12 வயதுப் பூனை என்றால் மனிதக் கணக்கில் 64 வயசு. 15 என்றால் 76. பத்து வருஷம் ஒரே வீடு, ஒரே ஜன்னல், ஒரே மனுஷர் என்று இருந்துவிட்டு, திடீரென்று நாய்கள் குரைக்கும் இடத்தில் கூண்டுக்குள் அடைத்தால் அது முதலில் செய்யும் வேலை, சாப்பாட்டை நிறுத்துவது.

இங்கேதான் ஆபத்து. பூனை சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் கிடந்தால், உடம்பில் இருக்கும் கொழுப்பு எல்லாம் ஈரலில் போய்ப் படிந்து ஈரல் கெட்டுவிடும். குண்டுப் பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை. அதனால் வயதான பூனைக்கு வீடு தேடுவது என்பது ஏதோ ஆற அமரச் செய்யும் தர்ம காரியம் இல்லை. நாள் கணக்கு உள்ள வேலை.

பயம் எதற்கு?

எடுத்து வளர்க்கத் தயங்குபவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று நான்குதான். "நோய் எங்களுக்கும் ஒட்டிக்குமே?", "மருந்துச் செலவு யார் பார்க்கிறது?", "கொஞ்ச நாள்ல செத்துட்டா மனசு கஷ்டமாயிடுமே?" சகுனம் பார்ப்பவர்கள் கணக்கு தனி. கறுப்புப் பூனை என்றால் பெரியவர்கள் வாசல்படியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

வயதான பூனைகளுக்குப் பெரும்பாலும் வருவது கிட்னி நோய். 10 வயது தாண்டியவற்றில் 100-க்கு 30, 40 பூனைகளுக்கு இது இருக்கும் என்கிறது கால்நடை மருத்துவம். அடுத்து தைராய்டு, சுகர், பல் நோய், மூட்டு வலி. நம் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்தது போல இருக்கிறதா? இவற்றில் ஒன்றுகூட மனிதருக்கு ஒட்டாது. பூனைகளுக்கு எய்ட்ஸ் போன்ற ஒரு வைரஸ் உண்டு. பேரைக் கேட்டே பலர் ஓடிவிடுகிறார்கள். அது பூனை பூனையைக் கடித்துப் பரவுவது, மனிதருக்கு வராது. அந்த வைரஸ் உள்ள பூனை வீட்டுக்குள்ளேயே இருந்தால் பல வருஷம் நன்றாக வாழும்.

செலவு விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது. செலவு உண்டு. கிட்னிப் பூனைக்குத் தனித் தீனி, அது சாதாரண பாக்கெட்டைவிட விலை அதிகம். சில பூனைகளுக்குத் தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டும். அதை டாக்டரிடம் ஒரு தடவை பார்த்துப் பழகிக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். சுகர் பூனைக்குப் பொதுவாக நாளைக்கு இரண்டு வேளை இன்சுலின். காலையில் வேலைக்குக் கிளம்பி ராத்திரி பத்து மணிக்கு வருபவர்களுக்கு இது சரிப்படாது. தைராய்டு என்றால் தினமும் மாத்திரை, அதை மீனுக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்துவிடலாம்.

சிகிச்சைக்குத் தனியார் கிளினிக்தான் கதி என்று நினைக்க வேண்டியதில்லை. 1903-ல் தொடங்கிய வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு. நாமக்கல், நெல்லை, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலை, தேனி ஆகிய இடங்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கிட்னி, தைராய்டு போன்றவை ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும் என்பதால், சிறிய மருந்தகத்தைவிடக் கல்லூரி ஆஸ்பத்திரி உதவும்.

மறைத்தால் திரும்பி வரும்

சில இடங்களில் எப்படியாவது வீடு கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் நோயை மெல்ல மறைத்துவிடுகிறார்கள். "கொஞ்சம் வயசாச்சு, மத்தபடி நல்லா இருக்கு" என்று கொடுத்து அனுப்புகிறார்கள். இது பெரிய தப்பு. இரண்டு வாரத்தில் பூனை பானை பானையாகத் தண்ணீர் குடித்து, வீடெல்லாம் நனைக்கும். எடுத்துப் போனவர் கோபத்தோடு திருப்பிக் கொண்டுவருவார். அவர் இனி எந்தக் காப்பகத்துப் பக்கமும் வரமாட்டார். பூனைக்கு இரண்டாவது முறை வீடு போகும். முதல் தடவை சாப்பிடாமல் கிடந்ததைவிட இப்போது இன்னும் மோசமாகக் கிடக்கும்.

உண்மையைச் சொல்லியே வீடு பிடிக்கலாம் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. பிளாஸி என்ற பூனையை வளர்த்தவர் இறந்தார். அவருடைய சகோதரி வளர்த்தார், அவரும் இறந்தார். பிறகு அவருடைய மகன் வளர்த்துப் பார்த்து முடியாமல், 2022-ல் பூனைகள் நலனுக்கான தொண்டு அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார். அப்போது அதற்கு வயசு 26! காது கேட்காது, கண் பார்வையும் மங்கல். இதை யார் எடுப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமைப்பினர் எதையும் மறைக்கவில்லை. ஏற்கனவே முதிய பூனையை வளர்த்துப் பழகிய ஒரு பெண்மணி லண்டன் பக்கத்தில் இருந்து வந்து எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில், உயிரோடு இருக்கும் பூனைகளிலேயே வயதில் மூத்தது என்று கின்னஸ் புத்தகத்தில் பிளாஸி இடம்பிடித்தது.

எல்லாருக்கும் கின்னஸ் கிடைக்காதுதான். கவனிக்க வேண்டியது, பூனைக்கு ஏற்ற ஆளைத் தேடினார்கள் என்பதை. நம் ஊரில் பூனையை வைத்துக்கொண்டு யார் வந்தாலும் நீட்டுகிறார்கள்.

பெரியவர்களுக்குப் பொருத்தம்

உண்மையில் கிழப்பூனைக்குப் பொருத்தமான வீடு, ரிட்டயர் ஆனவர்கள் வீடு. "எனக்கே வயசாச்சு, எனக்கப்புறம் பூனையை யார் பார்ப்பாங்க?" என்று 65 வயதுக்காரர் கேட்பது நியாயம். குட்டியை எடுத்தால் அது 15 வருஷம் இருக்கும், அந்தக் கவலை வரத்தான் செய்யும். 12 வயதுப் பூனை என்றால் கணக்கு சரியாக வருகிறது. திரைச்சீலை ஏறாது, ராத்திரி ஓடியாடாது, மருந்து நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்கும். குரைத்துச் சத்தம் போடாது என்பதால் ஹவுஸ் ஓனரிடமும் பேசிப் பார்க்கலாம்.

மருந்துச் செலவுக்கும் வழி இருக்கிறது. பூனை காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கும், மருந்தும் டாக்டர் செலவும் காப்பகம் பார்க்கும், சாப்பாடும் மடியும் மட்டும் வீட்டுக்காரர் கொடுப்பார். வெளிநாடுகளில் கடைசிக்காலத் தற்காலிக வளர்ப்பு என்று இதைப் பல அமைப்புகள் நடத்துகின்றன. காப்பகத்துக்கு ஒரு கூண்டு காலியாகிறது. நன்கொடை கொடுப்பவர்களிடம் "இந்தப் பூனைக்கு இந்த மாத மருந்து" என்று குறிப்பிட்டுக் கேட்கவும் முடியும். மொத்தமாகக் கேட்டால் வராத பணம், ஒரு பூனையின் படத்தைக் காட்டிக் கேட்டால் வருகிறது.

எடுத்துச் செல்பவர்கள் கவனத்துக்கு

கையில் வாங்கும் முன்பு ரத்தப் பரிசோதனைச் சீட்டு, வெறிநோய்த் தடுப்பூசி அட்டை, கொடுக்கும் மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழு வீட்டையும் திறந்துவிடாமல் முதல் வாரம் ஒரே அறையில் வைப்பது நல்லது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்கக்கூடாது. மூட்டு வலி உள்ள பூனைக்கு மணல் தட்டின் விளிம்பு உயரம் குறைவாக இருக்க வேண்டும். பால்கனிக்கு வலை அவசியம்.

தயிர்சாதம் போட்டே வளர்த்துவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். பூனைக்கு மீனோ கறியோ வேண்டும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கலக்கிவிடும். காய்ச்சல் அடிக்குதே என்று பாரசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். புது வீட்டுக்கு வந்த பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.