சூரியகாந்திக் குளங்கள்

போன வாரம் பிரான்சிலிருந்து அக்கா மகன் போன் செய்தபோது, தங்கள் ஊர் நீச்சல் குளத்தை மூடிவிட்டார்கள் என்றான். "நஷ்டத்துல ஓடுதாம் மாமா. டிக்கெட் காசு கரண்ட்டுக்கே பத்தலையாம்." அவனும் அதை ஒப்புக்கொண்ட மாதிரிதான் பேசினான். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. நஷ்டத்தில் ஓடுகிறது என்று தெருவிளக்கை யாராவது அணைப்பார்களா?

அவன் ஊர்க் குளம் 'தூர்னெசோல்' வகை, அதாவது சூரியகாந்தி. அதற்கு ஒரு கதை உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நீச்சலில் பிரான்சுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம். மறு வருஷம் ஜூலையில், ழுய்ஞே என்ற ஊர்ப் பக்கம் லுவார் ஆற்றில் விளையாடப் போன 19 குழந்தைகள் மூழ்கி இறந்தார்கள். பதக்கம் போனால் போகட்டும். குழந்தைகள் போனதை நாடு தாங்கவில்லை. அரசாங்கம் 'ஆயிரம் நீச்சல் குளங்கள்' திட்டம் போட்டது. தனித்தனியாக வரைபடம் போட்டால் செலவு தாங்காது என்று, சில மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து ஆலையில் செய்த பாகங்களைக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். பெர்னார் ஷோலெர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த சூரியகாந்தி அதில் ஒன்று. 35 மீட்டர் அகலக் கவிகை. வெயில் அடித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு தண்டவாளத்தில் நகர்ந்து திறந்துகொள்ளும். அந்த வகையில் மட்டும் 183 கட்டினார்கள். எல்லா வகையும் சேர்த்தும் ஆயிரத்தை எட்டவில்லை என்றாலும், பெரிய காரியம்தான். மறுக்கவில்லை.

என் சண்டை அதற்கு அப்புறம் நடந்ததோடு. கட்டுவதற்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. தண்ணீரைச் சூடாக்குவது, குளோரின், காவலுக்கு நிற்கும் நீச்சல் ஆசிரியரின் சம்பளம் எல்லாம் அந்தந்த ஊர் மேரியின் தலையில். (புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி என்றால் நகராட்சி என்று சொல்லத் தேவையில்லை. நம் கடற்கரை மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்குப் பராமரிப்பைப் பற்றியும் சொல்லத் தேவையில்லை.) திட்டம் போட்டபோது எண்ணெய் மலிவு, கவிகையோ குளிர் தாங்காத மெல்லிய தோல். 1973இல் எண்ணெய் விலை ஏறியது. அன்று தொடங்கிய இழுபறி இன்னும் முடியவில்லை. 2018இல் பிரெஞ்சு தணிக்கை மன்றம், பொது நீச்சல் குளங்களின் இந்த மாதிரியே காலாவதியாகிவிட்டது என்று எழுதியது. 2022 செப்டம்பரில் மின்சாரமும் எரிவாயுவும் விலை ஏறியபோது, நகராட்சிகளுக்காகக் குளங்களை நடத்தும் ஒரு கம்பெனி முப்பது குளங்கள் வரை ஒரே நாளில் பூட்டியது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் புதிர் எதுவும் கிடையாது. பட்ஜெட்டில் மூலதனச் செலவு ஒரு தலைப்பு, வருவாய்ச் செலவு இன்னொரு தலைப்பு. முதலாவதில் கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு. இரண்டாவதில் பம்பு ஆபரேட்டர் சம்பளமும் குளோரின் பில்லும்தான். அதற்கு எந்த மந்திரி வருவார்?

என் மேசைக்கே ஒரு நீச்சல் குளக் கோப்பு வந்தது. ஊர் வேண்டாம். டைல்ஸ், வடிகட்டி, சுற்றுச்சுவர், கல்வெட்டுக்குக் கிரானைட் வரை மதிப்பீடு இருந்தது. உயிர்காப்பாளர் பணியிடம் எங்கே என்று குறிப்பு எழுதினேன். மேலதிகாரி சிரித்தார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்யா, மார்ச்சுக்குள்ள பணத்தை முடிக்கணும்." இரண்டு கோடை ஓடியது அந்தக் குளம். அதற்குப் பிறகு நான் பார்த்தபோது ஆழமான பக்கத்தில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

ஆகவே, குளத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசாணையிலேயே அதை இருபது வருஷம் நடத்தும் பணத்துக்கும் வழி சொல்லட்டும். முடியாதென்றால் கட்ட வேண்டாம். 'வசதி உள்ளவர்கள் டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கட்டுமே' என்பார்கள். பிரான்சில் வசதி உள்ளவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே குளம் வைத்திருக்கிறார்கள். முப்பது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. மேரி குளத்தை மூடினால் அடுக்குமாடிக் குழந்தைக்குத்தான் நஷ்டம், அதை யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை.

அக்கா மகனின் பெண் அடுத்த வருஷம் சிசியேம் போகிறாள். பள்ளியில் நீந்தத் தெரியும் என்ற சான்று வாங்க வேண்டும். இனிமேல் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார்களாம். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். "அப்ப தண்ணியில எவ்வளவு நேரம்டா இருப்பா?" என்று கேட்டேன். அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.