பூட்டிய ஏடும் திறந்த கடையும்

பதினைந்து வயதிலே தவறிய சிறுவன், பழிச்சுமையை வாழ்நாளெல்லாம் சுமக்கலாகாது. ஆகவே அவனது வழக்கேட்டைப் பூட்டி வைக்கிறோம் என்கின்றன அமெரிக்க மாநிலங்கள் பல. நல்லறந்தான், மறுப்பாரில்லை! வேலை தேடி வருபவனிடம் பழங்கதையைக் கிளறுவது கொடுமை. ஆனால் தோழர்களே, அவன் கேட்பது வேலையல்ல, துப்பாக்கி என்றால்?

2022 மே 24-இல், டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி நகரப் பள்ளியிலே, 18 வயது வாலிபனின் துப்பாக்கிக்கு 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியாயினர். கண்ணீர் காயுமுன், ஜூன் 25-இல் புதுச்சட்டம் பிறந்தது. 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்க வந்தால், இளம்பருவ ஏட்டையும் கேட்டுப் பார். ஐயமிருந்தால் 10 அலுவல் நாள் வரை பொறுத்திரு என்றது அது.

கேட்பது மத்திய அரசின் எஃப்.பி.ஐ.; கொடுக்க வேண்டியதோ மாநிலம்! ஒரு மாநிலம் ஏட்டை நீட்டுகிறது. மற்றொன்று, "எம் சட்டம் தடுக்கிறது" என்கிறது. கலிபோர்னியாவிலே, குறிப்பிட்ட கடுங்குற்றங்களைச் சிறுவயதில் புரிந்தவனுக்கு 30 வயது வரை துப்பாக்கி கிடையாது. அத்தகைய தடையே இல்லாத மாநிலங்களும் உண்டு. குற்றம் ஒன்று, நீதி பலவா?

ஏடு ஊராருக்குப் பூட்டியே இருக்கட்டும். துப்பாக்கிச் சோதனைக்கு மட்டும், எல்லா மாநிலங்களிலும் ஒரே சாவி வேண்டும். மன்னிப்பு சிறுவனுக்கு, துப்பாக்கிக்கு அல்ல!