ரைம்ஸ் பாடினா இங்கிலீஷ் வந்துடுமா? பாட்டு, கதை, விளையாட்டில் ஆங்கிலம்: அறிவொளி மண்ணில் ஒரு அலசல்

புதுக்கோட்டை:

வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் போதும். "மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் பாடிக் காட்டு கண்ணு" என்று அம்மா ஆரம்பித்துவிடுவார். பிள்ளையும் கையை ஆட்டி, இடுப்பை ஆட்டி, ஒரே மூச்சில் பாடி முடித்துவிடும். வந்தவர் கை தட்டுவார். அப்பாவுக்குப் பெருமை தாங்காது. கட்டின பீஸ் வீண் போகலை என்று ஒரு நிம்மதி.

அதே பிள்ளையிடம் "அந்தச் சொம்பை எடுத்துட்டு வா" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். திருதிருவென்று முழிக்கும்.

கீரமங்கலம் பூ வியாபாரி வீடானாலும் சரி, ஜெகதாப்பட்டினம் மீனவர் வீடானாலும் சரி, கல் உடைக்கிற தொழிலாளி வீடானாலும் சரி, இந்தக் காட்சி மாறுவதில்லை. பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவேண்டும் என்பதற்காகவே ஜூன் மாதம் வட்டிக்கு வாங்குகிறார்கள். தாலிச் செயின் அடகுக்குப் போகிறது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கூலி வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு இது இன்னும் நன்றாகவே புரியும். நாலு வார்த்தை ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் சூப்பர்வைசர் ஆகிறான், தெரியாதவன் மூட்டை தூக்குகிறான் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அதனால் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் கொடுக்கிற காசுக்கு வாங்குகிற சரக்கு சரியா என்பதுதான் கேள்வி.

மழையை விரட்டும் பாட்டு

ஆங்கிலப் பள்ளிகளில் சின்னஞ்சிறுசுகளுக்கு முதலில் சொல்லித்தரும் பாட்டுகளில் ஒன்று, மழையைப் போ போ என்று விரட்டும் பாட்டு. குளிரும் தூறலும் ஓயாத இங்கிலாந்தில் பிறந்த பாட்டு அது. வெளியே போய் விளையாட முடியாத அந்த ஊர்ப் பிள்ளைக்கு அதில் அர்த்தம் உண்டு. ஆயிரக்கணக்கான கண்மாய்கள் வானத்தைப் பார்த்துக் காத்துக் கிடக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில், மழைக்காகக் கோவிலில் பொங்கல் வைக்கிற ஊரில், நம்ம பிள்ளை நடுக்கூடத்தில் நின்று மழையைப் போகச் சொல்கிறது. பாட்டி சிரித்துக்கொண்டே ரசிக்கிறார். நல்லவேளை, பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது.

இது சிரிப்புக்காகச் சொல்வதல்ல. பாட்டு என்பது மொழி கற்க அருமையான கருவி. ஆனால் பாட்டின் பொருள் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அது வெறும் சத்தம். கிளிக்குப் பேசக் கற்றுக் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

குழந்தை தாய்மொழியை எப்படிக் கற்கிறது என்று கவனித்தாலே விஷயம் விளங்கிவிடும். பிறந்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் அது பேசுவதே இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறது. "நிலா எங்கே?" என்றால் கையைக் காட்டுகிறது. "டாட்டா சொல்லு" என்றால் கையை ஆட்டுகிறது. வாய் பேசுவதற்கு முன்பே காதும் உடம்பும் மொழியைப் பிடித்துக்கொள்கின்றன. பேச்சு அதற்குப் பிறகுதான்.

இதையே அடிப்படையாக வைத்து 1960-களில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார். ஆசிரியர் புது மொழியில் "எழுந்திரு, நட, கதவைத் தொடு, உட்கார்" என்று சொல்லிக்கொண்டே தானும் செய்து காட்டுவார். மாணவர்கள் பேசவேண்டாம், செய்தால் போதும். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமே இல்லாமல் மொழி உள்ளே இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்கள் கையாளும் ஆட்டம் பாட்ட முறைகளில் இதன் சாயலைப் பார்க்கலாம்.

ரயில் அட்டவணையில் பாடம்

அமெரிக்கா வரைக்கும் போவானேன்? நம்ம பக்கத்திலேயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு புதிய முறையை நடத்திப் பார்த்தார். இலக்கணம் இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இத்தனை மணிக்கு அங்கே போகணும், எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று கேட்பது. வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வது. மாணவர்கள் கணக்குப் போட்டு விடை கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். ஆங்கிலம் தானாக ஒட்டிக்கொள்ளும். 'பெங்களூர் திட்டம்' என்ற பெயரில் உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் பேசப்படுகிறது இது. மொழியைப் பாடமாக நடத்தாமல், காரியம் சாதிக்கும் கருவியாகக் கொடு என்பதுதான் அதன் சாரம்.

சென்னையில் 1996-ல் தொடங்கிய 'கரடி டேல்ஸ்' நிறுவனம் நம்ம ஊர்க் கதைகளை ஆங்கிலத்தில், இசையோடு ஒலிநாடாவாகக் கொண்டுவந்தது. கதை சொல்லும் கரடிக்குக் குரல் கொடுத்தவர் இந்தி நடிகர் நசீருதீன் ஷா. பின்னாளில் அதே குழுவினர் கதை, பாட்டு, அசைவு ஆகியவற்றை வைத்துப் பள்ளிகளுக்கான ஆங்கிலப் பயிற்சியையும் உருவாக்கினார்கள். அதே சென்னையில் 'தூலிகா' பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும் படக்கதைப் புத்தகங்களை வெளியிட்டது. 'பிரதம் புக்ஸ்' 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறுவர் கதைகளைக் காசில்லாமலே படிக்கலாம். இதெல்லாம் நம் வீட்டு செல்போனிலேயே கிடைக்கிறது. நாம்தான் அதில் வேறு எதையோ போட்டுப் பிள்ளை கையில் கொடுத்துச் சோறு ஊட்டுகிறோம்.

சைக்கிளும் பாட்டும்

பாட்டுப் பாடி, நாடகம் போட்டு, கல்வியை வீதிக்குக் கொண்டுவருவது புதுக்கோட்டைக்குப் புதுசா என்ன? 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தையே புரட்டிப் போட்டது அறிவொளி இயக்கம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். கல் குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் அந்தி சாய்ந்த பிறகு விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். அன்றாட வாழ்க்கையில் புழங்கும் சொற்களே அவர்களுக்குப் பாடம் ஆயின.

கூடவே பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அறிவொளி தொண்டரும் கவிஞருமான முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராக ஒலித்தது. இந்த ஊரைப் பற்றிப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதிய கட்டுரை நாடறிந்த ஒன்று. 1992-ல் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வலம் வந்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆண்டே முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது.

அந்தப் பாட்டு ஏன் பலித்தது? பாடியவளுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பாடி முடித்ததும் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது, மிதிப்பதற்கு ஒரு பெடல் இருந்தது. அன்று சைக்கிள் பழகிய அக்காக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு எல்.கே.ஜி. வயசில் நிற்கின்றன.

அரசுப் பள்ளியில் என்ன நடக்குது?

அரசு சும்மா இருந்தது என்று சொல்லமுடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். அட்டை, படம், விளையாட்டு என்று வகுப்பே மாறியது. 2012-13-ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் படித்ததையெல்லாம் மறந்துபோன பிறகு, 2022 ஜூன் 13-ந்தேதி 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 1 முதல் 3-ம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் கதை, பாட்டு, பொம்மலாட்டம், விளையாட்டு வழியாக நடத்தவேண்டும். பிள்ளையின் தரத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தரவேண்டும். அடுத்த ஆண்டு 4, 5-ம் வகுப்புகளுக்கும் இது விரிந்தது.

அங்கன்வாடியிலும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரிலேயே பாடத்திட்டம் இருக்கிறது. பெயரிலேயே விஷயம் அடங்கிவிட்டது.

காகிதத்தில் எல்லாம் சரி. இடறுவது எங்கே?

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளையும் காசு கட்டாமல் எல்.கே.ஜி. படிக்கலாம் என்று பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள். இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியதில் எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் அந்த ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திரும்ப, வகுப்புகள் நின்றுபோகும் நிலை வந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்து, மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களைப் போட முடிவு செய்தது. நாலு வருஷத்துக்குள் இத்தனை குழப்பம் நடந்தால், தகப்பன் என்ன செய்வான்? தனியார் பள்ளி வேனைத்தான் பார்ப்பான்.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள்தான். கிராமத்துப் பள்ளியில் அந்த 2 பேரும் 5 வகுப்பையும் பார்க்கவேண்டும், பதிவேடும் எழுதவேண்டும். இதில் பொம்மலாட்டம் எப்போது நடத்துவது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பாடம் நடத்துகிறவர்களில் பலரும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் சத்தமாக ஒரு கதை சொல்ல அவர்களுக்கே கூச்சம். சும்மா சர்க்குலர் அனுப்பிவிட்டால் கூச்சம் போகாது. அவர்களுக்கும் யாராவது பாடி, ஆடிக் காட்டவேண்டும்.

தனியார் பள்ளியில் மட்டும் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. சின்ன ஊர்களின் கட்டண வகுப்புகள் பலவற்றில் நாலு வயசுப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டும் வீட்டுப்பாடமும்தான். விரல் எலும்பு முற்றாத கைக்குப் பென்சில். பெற்றோர் நோட்டைப் பார்த்துத்தான் திருப்திப்படுகிறார்கள் என்பதால் பள்ளியும் நோட்டை நிரப்புகிறது. பிள்ளை விளையாடிவிட்டு வெறும் நோட்டோடு வந்தால், "பீஸ் வாங்கிட்டு ஒண்ணும் சொல்லித்தரலை" என்று சண்டைக்குப் போவதும் நாம்தானே!

நாடு தழுவிய கணக்கு ஒன்று இதை வெட்டவெளிச்சமாக்குகிறது. கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, 5-ம் வகுப்பில் எளிய ஆங்கில வாக்கியத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2016-ல் 24.7 சதவீதம். 2022-ல் 24.5 சதவீதம். ஆறு வருஷத்தில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, தனியார் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

தமிழை விட்டால் இங்கிலீஷும் இல்லை

இங்கிலீஷ் வரணும் என்பதற்காக வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்துகிற பெற்றோரும் இருக்கிறார்கள். இது ரெண்டு கால்களில் ஒன்றை வெட்டிவிட்டு ஓடச் சொல்வது மாதிரி. நரி, காக்கா, வடை கதையைத் தமிழில் நன்றாகக் கேட்ட பிள்ளை, அதே கதையை ஆங்கிலத்தில் கேட்டால் பாதி தானே புரிந்துகொள்ளும். கதை தெரியும், வார்த்தை மட்டும்தான் புதுசு. தமிழிலும் கதை கேட்காத பிள்ளைக்கு ரெண்டுமே புதுசு. 2022 அக்டோபரில் வெளியான மத்திய அரசின் அடித்தளப் பருவக் கலைத்திட்டமும் 8 வயது வரை விளையாட்டு வழியே, கூடியவரை தாய்மொழியில் என்றுதான் சொல்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் கல்வியில் எத்தனையோ விஷயத்தில் மோதிக்கொண்டாலும், சின்னப் பிள்ளைகள் விளையாடித்தான் கற்கணும் என்பதில் மட்டும் சண்டை இல்லை.

அந்த மோதலின் அடி விழுவது ஏழை வீட்டில்தான் என்பதும் உண்மை. மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்த சிக்கலில், தனியார் பள்ளிகளில் ஏழைகளுக்கான 25 சதவீத இடங்களுக்குச் சேர்க்கை 2025-ல் அக்டோபர் வரை இழுத்தடித்தது. ஜூனில் பள்ளி திறந்து நாலு மாசம் கழித்து!

வீட்டில் என்ன செய்யலாம்? அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. பல்லாங்குழி ஆடும்போது சோழியைப் பிள்ளை ஆங்கிலத்தில் எண்ணட்டும். பாண்டி ஆடும்போது கட்டத்துக்கு ஒரு பெயர் சொல்லட்டும், இன்றைக்குப் பழம், நாளைக்குக் காய்கறி. பள்ளியில் படித்த கட்டளைச் சொற்களைச் சொல்லிப் பிள்ளை நம்மை ஆட்டி வைக்கட்டும். உட்கார், எழுந்திரு என்று அப்பாவை அதிகாரம் பண்ணுவதில் எந்தப் பிள்ளைக்கும் அலுப்பு வராது. தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் இருந்தால் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கூட்டத்துக்குப் போனால் கட்டிடம், கழிவறை, தண்ணீர் பற்றிக் கேட்கிறோம். அதோடு, "இந்த வாரம் என்ன கதை சொன்னீங்க டீச்சர்? எந்த விளையாட்டு நடத்தினீங்க?" என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். அடுத்த முறை விருந்தாளி வரும்போது பிள்ளையைப் பாடச் சொல்லாமல், ஆங்கிலத்தில் கேட்டு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வரச் சொல்லிப் பார்க்கலாம்.