கோட்டை வாசலில் இணைக்கயல்

தம்பிலுவிலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும்போதெல்லாம் பிரட்றிக் கோட்டை வாசலில் சற்று நிற்பது என் வழக்கம். அங்குள்ள கல்லொன்றில் பாண்டியரின் இணைக்கயல் செதுக்கப்பட்டிருக்கிறது. 1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே இக்கோட்டையை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1803இல் இப்பெயரைச் சூட்டினர். இன்றும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அதைக் கடந்தே அடியார்கள் கோணேசரிடம் செல்கின்றனர்.

படைத்தளமுள்ள ஊரென்றால் அப்படித்தான் என்பார் சிலர். எனக்கு உடன்பாடில்லை. சுவீடனின் கால்ஸ்குரூனா, 1680இல் கடற்படைக்கென்றே அமைக்கப்பட்ட நகரம். கடற்படை இன்றும் அங்குண்டு. ஆயினும் நகரின் பெருஞ்சதுக்கம் மக்களுடையது. பரோக் பாணியிலமைந்த இரு தேவாலயங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ஜெர்மன் மொழி பேசியோருக்காகக் கட்டப்பட்டது. 1998இல் யுனெஸ்கோ அக்கடற்படைத் துறைமுகத்தை உலக மரபுரிமையாக ஏற்றது.

படை இருப்பதால் வரலாறு காவலரணுக்குள் அடங்கவேண்டியதில்லை. பிரட்றிக் கோட்டையும் பொதுமக்களின் கைக்கு வரவேண்டும். அதன் கற்கள் எங்கிருந்து வந்தன என்பது மூன்று மொழிகளிலும் வாசலிலேயே தெளிவாக எழுதப்படவேண்டும். அதை வாசிப்பவர் எவராயினும், இந்த ஊரின் கதையை முதலிலிருந்து அறிந்துகொள்ளட்டும்.