உறை யாரிடம் பேசுகிறது?

பென்னாகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை நாங்கள் அறிவோம். தருமபுரிக்குப் பேருந்தில் போக வேண்டிய நாள்களில் அவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் 'முட்டிக்கொண்டு வந்துவிட்டால்' என்ன செய்வது என்ற அச்சம். இதை நோய் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வயதாகிவிட்டது என்று மட்டுமே சொல்வார். அதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்.

தருமபுரி மாவட்டத்துக்கும் தண்ணீருக்குமான உறவை அறிந்தவர்களுக்கு இதன் கசப்பு விளங்கும். நிலத்தடி நீரில் கலந்திருந்த ஃப்ளோரைடு தலைமுறைகளின் பற்களில் கறையாகவும் எலும்புகளில் வலியாகவும் படிந்த மண் அது. ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டபோது, நல்ல தண்ணீர் என்பது அங்கே நெடுநாள் கனவொன்றின் நிறைவேற்றமாக இருந்தது. அந்தத் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் அதைக் குடிக்க அஞ்சி நா வறண்டு பேருந்தில் அமர்ந்திருக்கும் ஒருத்தியைப் பற்றி எந்தத் திட்ட அறிக்கையும் பேசுவதில்லை.

அவருடைய தொல்லைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்று தமிழில் சொல்லலாம். தொற்று ஏதும் இல்லாமலேயே திடீரென்று அடக்க முடியாத உந்துதல் எழும்; பகலில் அடிக்கடியும் இரவில் உறக்கம் கலைந்தும் எழுந்து போக நேரும்; சிலருக்குக் கசிவும் இருக்கும். தண்ணீரைக் குறைத்தால் குணமாகும் என்பது பிழையான நம்பிக்கை. சிறுநீர் அடர்ந்து பையை மேலும் உறுத்தும். மலச்சிக்கல் சேர்ந்துகொண்டால் தொல்லை கூடும். இடுப்புத்தள தசைப் பயிற்சியும், கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியும்தான் முதல் மருத்துவம். அதன் பிறகே மருந்து.

அந்த மருந்துகளின் கதையில் எங்களைக் கவர்ந்தது அவற்றின் உறை. ஆக்ஸிபியூட்டினின் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1975இல் ஒப்புதல் பெற்றது. விழுங்கும்போது அது குடலிலும் கல்லீரலிலும் உடைந்து வேறொரு பொருளாக மாறுகிறது. நாவை வறளச் செய்வதில் பெரும்பங்கு அந்தப் பொருளுக்கு உண்டு. ஏற்கெனவே தண்ணீருக்கு அஞ்சுகிறவருக்கு நாவை வறளவைக்கும் மாத்திரை! இதைத் தவிர்க்கவே தோல் வழியாக மருந்தைச் செலுத்தும் ஒட்டுப்பட்டை 2003இலும், தோலில் தேய்க்கும் களிமம் 2009இலும் அங்கே ஒப்புதல் பெற்றன. பட்டையை வாரம் இருமுறை மாற்ற வேண்டும். களிமத்தை நாளொன்றுக்கு ஒரு பொட்டலம் வீதம் தேய்க்க வேண்டும்.

இவை உறையில்லாமல் மருந்தாக நிற்க இயலாதவை. ஒட்டுப்பட்டையை அதன் மூடிய உறைக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது. பிரித்தவுடன் ஒட்டிவிட வேண்டும். ஈரம் படக் கூடாது. 25 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் பாதுகாக்க வேண்டும். களிமத்தில் எரிசாராயம் உண்டு. காயும் வரை நெருப்பருகே போகலாகாது. தேய்த்த இடத்தை மூடாமல் விட்டால் அணைத்துக்கொள்ளும் குழந்தையின் தோலிலும் மருந்து ஏறிவிடும். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று அளந்து அடைப்பதிலும், ஈரம் புகாத படலத்தை உருவாக்குவதிலும் உண்மையான அறிவுழைப்பு இருக்கிறது. அதை நாங்கள் இகழவில்லை. ஆனால் அந்த உழைப்பு தன் முன்னே எந்த வீட்டைக் கண்டது என்று கேட்கத் தோன்றுகிறது. சித்திரை மாதத்தில் சிமெண்ட் அட்டை வேய்ந்த வீட்டுக்குள் 25 பாகையை எங்கே தேடுவது? விறகடுப்பின் முன் அமர்ந்திருப்பவருக்கு நெருப்பைப் பற்றிய எச்சரிக்கையை யார், எந்த மொழியில் சொல்வது?

மருந்துக் காப்புரிமை பற்றிய விவாதம் நமக்குப் புதிதன்று. 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையை மறுத்தது. 2005 ஜனவரி முதல் நாளிலிருந்து அது திரும்பி வந்தது. அப்போது திருத்தப்பட்ட 3(டி) பிரிவின் கூர்மை நமக்குத் தெரியும். அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், பயனில் மேம்பாடு காட்டாவிட்டால், புதுப்புனைவு ஆகாது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. அந்தப் பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டையும் தள்ளியது. மருந்தைப் பொறுத்தவரை பயன் என்றால் நோய் தீர்க்கும் பயன்தான் என்று தெளிவாகச் சொன்னது.

அமெரிக்காவிலும் இதே கேள்வி வேறொரு வாசல் வழியாக வந்தது. ஒப்புதல் பெற்ற மருந்துகளின் காப்புரிமைகளைப் பதியும் பட்டியலை அங்கே 'ஆரஞ்சுப் புத்தகம்' என்பார்கள். பட்டியலில் உள்ள காப்புரிமையைக் காட்டி வழக்குத் தொடுத்தால், மலிவான மாற்று மருந்துக்கான ஒப்புதல் 30 மாதங்கள் வரை தள்ளிப்போகக்கூடும். அதனால்தான் வெறும் உறைக்கான காப்புரிமைகளை அதில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆயினும் மூச்சிழுப்பான் போன்றவற்றில் கருவியின் உறுப்புகளுக்கான காப்புரிமைகள் நுழைந்தன. மருந்துப் பொருளைக் கோராமல் கருவியை மட்டும் கோரும் காப்புரிமைக்குப் பட்டியலில் இடமில்லை என்று 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. உறையையும் கருவியையும் வேலியாக்கி மருந்தின் விலையைக் காக்கும் போக்குக்கு இவை தேவையான தடைகள் என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஆனால் இந்த விவாதம் முழுவதும் விலையைச் சுற்றியே நிற்கிறது. உறை புதியதா, பயன் கூடியதா என்று கேட்கிறோம். அது நோயாளியிடம் பேசுகிறதா என்று கேட்பதில்லை. பேருந்தில் நா வறண்டு அமர்ந்திருப்பவருக்கு இந்த இரண்டாம் கேள்வியும் முதல் கேள்விக்கு இணையானது.

சட்டத்தால் அதைக் கேட்க முடியாது என்று சொல்வதற்கில்லை. குழந்தைகள் மருந்தை விழுங்கிவிடாமல் காக்க 1970இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, நான்கு வயதையொட்டிய குழந்தைகளிடம் மூடியைக் கொடுத்துச் சோதிப்பார்கள். பிற்பாடு, 1995இல், அந்த விதிகள் திருத்தப்பட்டன. 50 முதல் 70 வயது வரையிலான நூறு பேரிடம் அதே மூடியைக் கொடுத்து, முதல் முறை ஐந்து நிமிடத்துக்குள்ளும் மறுமுறை ஒரு நிமிடத்துக்குள்ளும் திறந்து மூட முடிகிறதா என்று கடிகாரத்துடன் பார்க்கும் முறை வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கைவந்தால்தான் அந்த மூடி தேறும். முதியவரின் விரல்களும் ஓர் அளவுகோலாகின. விரலை அளவுகோலாக்க முடியுமானால் கண்ணையும் மொழியையும் ஏன் ஆக்கக் கூடாது?

நம்மூர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் எறும்பளவு, மொழி ஆங்கிலம். மருந்தாளுநர் சொல்லிக் கொடுப்பாரே என்பார்கள். நாலைந்து ஆண்கள் நிற்கும் மருந்துக்கடை முன் ஒரு மூதாட்டி இதைப் பற்றி என்ன கேட்டுவிட முடியும்? மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இந்த உந்துதலைத் தணிக்கப் பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பையும் மருத்துவர்கள் தருவதுண்டு. அளவுக்கோடு போட்ட சிறு குழலால் அதை உள்ளே செலுத்த வேண்டும். எந்தக் கோடு வரை நிரப்புவது, எப்படிச் செலுத்துவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை? மகனிடம் கேட்க முடியாது. கடைக்காரரிடமும் கேட்க முடியாது. கேட்கக் கூசும் நோய்க்கு உறைதான் தனிமையில் பேசக்கூடிய ஒரே துணை. அந்தத் துணையும் அயல்மொழியில் முணுமுணுத்தால் குழல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அவர் மறுபடியும் தண்ணீரைக் குறைப்பார்.

பலருக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாதே என்ற மறுப்பு நியாயமானது. அதற்குப் படங்கள் இருக்கின்றன. வாசித்துக் காட்டப் பேத்தி இருக்கிறாள். அட்டையில் இடம் போதாது என்ற மறுப்பும் உண்டு. பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் இடத்துக்கு என்ன பஞ்சம்?

செய்ய முடிந்தவர்கள் தொலைவில் இல்லை. 1995 முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. உதிரி மாத்திரைகளை விடுத்து அட்டைகளில் அடைத்தே தர வேண்டும் என்றும், விற்பனைக்கு அன்று என்று அவற்றில் அச்சிட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்து நடைமுறைப்படுத்திய அமைப்பு அது. திருட்டைத் தடுக்க உறையைப் பேசவைத்தவர்கள் நோயாளியிடமும் அதைப் பேசவைக்கலாம். ஒப்பந்தத்தில் இன்னொரு வரி போதும்: பயன்படுத்தும் முறை தமிழிலும் படத்திலும் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய சாமனப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும், 2004 வரை தருமபுரி மாவட்டத்து ஊர்தான். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தரும் பெண் பணியாளர், 'அடக்க முடியாமல் போகிறதா அம்மா?' என்ற ஒரு கேள்வியையும் மெல்லக் கேட்கலாம்.

நம் மருந்துக்கடைகளில் சிறு காகித உறை ஒன்று தருவார்கள். காலை, மதியம், இரவு என்று தமிழில் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் பேனாவால் எண்ணைக் குறித்துத் தருவார். அதற்கு எவரும் காப்புரிமை கோரியதாகத் தெரியவில்லை. கோரினாலும் புதுமை இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் வாங்குபவர் யார் என்பதை நினைத்துச் செய்யப்பட்ட உறை அது. காப்புரிமை பெற்ற உறைகளிடம் நாங்கள் கேட்பதும் அந்த நினைவைத்தான்.